பதினெட்டு முடிந்தால் ஜீவனாம்சமும் முடிந்துவிடுமா?

கேள்வி: வழக்கறிஞர் அம்மாவுக்கு வணக்கம். நான் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 32,000 ரூபாய். 2015-இல் குடும்ப நல நீதிமன்றம் என் மனைவிக்கு 3,000 ரூபாயும், மகளுக்கும் மகனுக்கும் தலா 4,000 ரூபாயும் மாதா மாதம் ஜீவனாம்சமாகக் கொடுக்கும்படி உத்தரவிட்டது. 2018-இல் இருவரும் சேர்ந்து மனுப் போட்டு விவாகரத்துப் பெற்றோம். அப்போது அவருக்கு ஐந்து லட்சம் ரூபாயை மொத்தமாகக் கொடுத்தேன். தனக்கு இனி ஜீவனாம்சம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பிள்ளைகளின் தொகை மட்டும் தொடர்ந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகளுக்கு 18 வயது ஆனதும் அவளுக்கான தொகையை நிறுத்திவிட்டேன். பதினெட்டோடு முடிந்துவிடும் என்று உடன் வேலை செய்பவர்கள் சொன்னார்கள். அப்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. மகள் இப்போது பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மகனுக்குப் பதினெட்டு நடக்கிறது. வரும் அக்டோபரில் முடிகிறது. இந்த ஆண்டு பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். போன வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. மகளுக்கு இரண்டாண்டுப் பாக்கி 96,000 ரூபாயும், மகனின் முதலாண்டுக் கட்டணம் 85,000 ரூபாயும் பதினைந்து நாளில் தர வேண்டுமாம்.

நான் மறுமணம் செய்துகொண்டவன். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். முன்னாள் மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் துணி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மகளுக்கு லேப்டாப் வாங்கித் தந்திருக்கிறேன். எந்த மாதத்தோடு நான் நிறுத்தலாம்? மகன் நேரில் வந்து கேட்டால் கொடுப்பது எனக்கே வினையாக முடியுமா? உத்தரவின் நகலை இணைத்திருக்கிறேன்.

— கரூர் வாசகர்

பதில்: நகலை இணைத்தது நல்லதாயிற்று. கேள்வியை மட்டும் அனுப்பியிருந்தால், உங்கள் பட்டறை நண்பர்கள் சொன்னதில் பாதியாவது சரிதான் என்று எழுதியிருப்பேன். நகலின் கடைசிப் பக்கத்தைப் படித்த பிறகு அப்படி எழுத வழியில்லை.

அந்தக் கடைசிப் பத்தியை நீங்கள் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். “மூன்றாம் மனுதாரருக்கு அவர் மேஜராகும் வரையிலும், இரண்டாம் மனுதாரருக்கு அவருக்குத் திருமணமாகும் வரையிலும்” என்று இருக்கிறது. மூன்றாம் மனுதாரர் உங்கள் மகன். இரண்டாம் மனுதாரர் உங்கள் மகள். மகனுக்கு ஒரு முடிவு, மகளுக்கு வேறொரு முடிவு என்று நீதிமன்றம் தெளிவாகவே பிரித்து எழுதியிருக்கிறது. நீங்கள் தொகையைப் பார்த்தீர்கள், காலக்கெடுவைப் பார்க்கவில்லை. உத்தரவு வந்த அன்று எல்லோருடைய கண்ணும் போவது எண்ணின் மேல்தான். பத்தாண்டு கழித்து வழக்கு வருவதோ அந்த ‘வரை’க்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்துத்தான்.

ஆகவே மகளைப் பொறுத்தவரை நீங்கள் நிறுத்தியது தவறு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்; ஏனென்றால் நோட்டீசுக்கு நீங்கள் கொடுக்கப்போகும் பதிலே இதைப் பொறுத்துத்தான் அமைய வேண்டும்.

உடனே ஒரு கேள்வி எழும், உங்களுக்கு எழாவிட்டாலும் உங்கள் வக்கீலுக்கு எழும். 2015-இல் உத்தரவு வந்தது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில். அந்தப் பிரிவு மைனர் குழந்தைகளுக்குத்தானே? மேஜரான பிறகு, உடல் அல்லது மனக் குறைபாட்டால் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு மட்டும்தானே அதில் இடம் உண்டு? அப்படியிருக்க, திருமணம் வரை என்று நீதிமன்றம் எப்படி எழுதலாம்?

கேள்வி நியாயமானது. உச்ச நீதிமன்றம் வரை போன கேள்வியும்கூட. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 20-ஆம் பிரிவு, மணமாகாத மகள் தன் சம்பாத்தியத்திலோ சொத்திலோ தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாதவளாக இருக்கும்வரை, அவளைப் பராமரிக்கும் கடமை பெற்றோருக்கு உண்டு என்கிறது. அங்கே பதினெட்டு என்ற எல்லையே கிடையாது. 2002-இல் ஜகதீஷ் ஜுக்தாவத் வழக்கில், குடும்ப நல நீதிமன்றம் மகளுக்குத் திருமணம் வரை கொடுத்த தொகையை உச்ச நீதிமன்றம் கலைக்கவில்லை. 125-இல் முடிந்தது என்று சொல்லி அனுப்பினால் அந்தப் பெண் மறுநாளே 20-ஆம் பிரிவில் இன்னொரு மனுப் போடப்போகிறாள். எதற்கு இரண்டு வழக்கு என்பதுதான் அதன் சாரம். பிறகு 2020 செப்டம்பரில் அபிலாஷா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை இன்னும் துல்லியமாக்கியது. மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 125-இல் மேஜரான மகளுக்கு உத்தரவு போட முடியாது. அவள் 20-ஆம் பிரிவில் தனியாகக் கேட்க வேண்டும். ஆனால் குடும்ப நல நீதிமன்றத்துக்கு இரண்டு சட்டங்களின் அதிகாரமும் உண்டு. உங்கள் உத்தரவைப் போட்டது குடும்ப நல நீதிமன்றம்.

அதற்கும் மேல் ஒன்று. அந்த உத்தரவு தவறு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதே உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனுப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. மாறாக, பல ஆண்டுகள் அதன்படியே பணம் கட்டியிருக்கிறீர்கள். நீதிமன்றம் போட்ட உத்தரவு, நீதிமன்றம் ரத்து செய்யும்வரை உயிரோடுதான் இருக்கும். பணம் கட்ட வேண்டியவர் தானே முடிவு செய்து நிறுத்திக்கொள்ள முடியாது. இது மகளுக்கு மட்டும் இல்லை. சம்பளம் குறைந்தது, வேலை போனது, எதிர்த்தரப்புக்கு நல்ல வேலை கிடைத்தது என்று எந்தக் காரணமாக இருந்தாலும், முதலில் மனு, பிறகுதான் குறைப்பு. பழைய சட்டத்தில் அது 127-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 146. பழைய 125 அங்கே 144 ஆகிவிட்டது; உத்தரவை நிறைவேற்றுவதற்கான பிரிவு 147. நோட்டீசில் 144, 147 என்று எண்களைப் பார்த்துப் புதிதாக ஏதோ வழக்கு என்று பயந்திருந்தால், அந்தப் பயம் வேண்டாம்.

இனி பாக்கிக்கு வருகிறேன். 24 மாதம், மாதம் 4,000, மொத்தம் 96,000. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் உங்களுக்குச் சாதகமான ஒரு விதி உண்டு. ஜீவனாம்சப் பாக்கிக்கு வாரண்ட் கேட்பதானால், அந்தத் தொகை கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். நாளைக்கே அவர்கள் போனாலும், பின்னோக்கி 12 மாதத்துக்கு, அதாவது 48,000 ரூபாய்க்குத்தான் அந்த வழியில் வாரண்ட் கிடைக்கும். உங்கள் வக்கீல் இதைச் சொல்லி, மீதி 48,000 காலாவதி என்று பதில் நோட்டீசில் எழுதலாம் என்பார். எழுதலாம்தான். ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச உத்தரவைச் சிவில் நீதிமன்றத்தின் பண டிக்ரி (பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பாணை) போலவும் நிறைவேற்றலாம் என்று சொல்லிவிட்டது. அந்தப் பாதையில் போனால் சம்பள ஜப்தி வரும். சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தை ஜப்தி செய்வதற்கும் ஜீவனாம்சத்துக்குச் செய்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஜீவனாம்ச டிக்ரியில் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே சட்டம் பாதுகாப்புத் தருகிறது. உங்கள் 32,000-இல் கிட்டத்தட்ட 21,000 வரை கைவைக்க இடமிருக்கிறது. பட்டறை முதலாளிக்கு நீதிமன்றத்திலிருந்து கடிதம் போவதை நீங்கள் விரும்பமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

வாரண்ட் வழியிலும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை வைக்கலாம். “உள்ளே இருந்துவிட்டு வந்தால் பாக்கி கழிந்துவிடும்” என்று நீதிமன்ற வராந்தாவில் யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். கழியாது. சிறை என்பது கட்ட வைப்பதற்கான வழிதானே தவிர, கட்டுவதற்குப் பதில் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988-இலேயே குல்தீப் கௌர் வழக்கில் தீர்த்துவிட்டது.

“அப்போது யாரும் கேட்கவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்காததால் உரிமை போய்விடாது. அது குழந்தையின் உரிமை. தாயே எழுதிக் கொடுத்திருந்தாலும் பிள்ளையின் பங்கை விட்டுக்கொடுத்ததாக நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்வதில்லை. மகளுக்கு இப்போது இருபது வயது. அவளே கையெழுத்திட்டு மனுப் போட முடியும். நோட்டீஸ் யாருடைய பெயரில் வந்திருக்கிறது என்று பாருங்கள். தாயின் பெயரில் மட்டும் வந்திருந்தால் உங்கள் வக்கீல் அதை ஒரு குறையாகச் சுட்டிக்காட்டலாம். ஆனால் அது ஒரு வாய்தாவுக்கு மேல் தாங்காது.

லேப்டாப்பும் தீபாவளித் துணியும் ஜீவனாம்சக் கணக்கில் வராது. வருத்தமாக இருக்கும், தெரியும். நான் பார்த்த அப்பாக்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் கோபப்படுகிறார்கள். 40,000-க்கு லேப்டாப் வாங்கினேனே, அது பத்து மாதத்துக்குச் சமமில்லையா என்று கேட்பார்கள். உத்தரவு சொல்வது மாதா மாதம் இவ்வளவு ரூபாய் என்று. மற்றதெல்லாம் நீங்களாக விரும்பிக் கொடுத்தது. பேச்சுவார்த்தை மேசையில் அதைச் சொல்லலாம்; அங்கே அதற்கு மதிப்பு உண்டு. நிறைவேற்று மனுவில் மதிப்பு இல்லை. ரொக்கமாகக் கையில் கொடுத்ததும் இதே கதிதான். எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டால் கழியும். மறுத்தால் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். இனிமேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வங்கி வழியாகப் போகட்டும். எந்த மாதத்துக்கு என்பதையும் குறிப்பில் எழுதுங்கள்.

மகனின் விஷயம் வேறு. அங்கே உத்தரவு உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் தேதியில் கவனம் வேண்டும். நம்மூரில் பதினெட்டு நடக்கிறது என்றால் பதினேழு முடிந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மேஜராவது பதினெட்டு நிறைந்த பிறந்தநாளில். 1875-ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டம், பதினெட்டாவது ஆண்டு நிறைவு நாள் பிறக்கும்போதே ஒருவர் மேஜராகிவிடுகிறார் என்கிறது. பிறந்த தேதிக்கு பிறப்புச் சான்றிதழையோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையோ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் தேதி வேறுபட்டால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. பிறந்தநாள் மாதத்தின் நடுவில் வந்தால் பாதி மாதக் கணக்குப் போட்டு 2,000 அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். அக்டோபர் முழுத் தொகையையும் கட்டிவிட்டு, நவம்பரில் நிறுத்துங்கள். உத்தரவிலேயே முடிவு எழுதியிருப்பதால் மகனுக்காக ரத்து மனுப் போட வேண்டியதில்லை. மேஜராகிவிட்டார், உத்தரவுப்படி தொகை முடிகிறது என்று வக்கீல் மூலம் ஒரு கடிதம் அனுப்பி, அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அப்படியானால் அந்த 85,000? இங்கேதான் நோட்டீஸ் அனுப்பிய வக்கீல் கெட்டிக்காரர் என்பேன். மகன் கல்லூரியில் சேர்ந்ததும், நோட்டீஸ் வந்ததும் அவன் மைனராக இருக்கும்போதே. 20-ஆம் பிரிவு மைனர் மகனுக்கும் பொருந்தும். அந்தச் சட்டத்தில் பராமரிப்பு என்றால் சோறு, துணி, இருப்பிடம் மட்டும் இல்லை. கல்வியும் மருத்துவமும் அதில் சேர்த்தி. அக்டோபருக்குள் அவர்கள் மனுப் போட்டால், முதலாண்டுக் கட்டணத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று நீதிமன்றம் கேட்கும். கேட்காமலும் போகலாம்; ஆனால் அது வெறும் மிரட்டல் என்று ஒதுக்கும் நிலையில் நீங்கள் இல்லை.

அக்டோபருக்குப் பிறகு மகனுக்குச் சட்டத்தில் பெரிதாக எதுவும் இல்லை. 20-ஆம் பிரிவு மகனை மேஜரானதும் விட்டுவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பதே பதினேழிலோ பதினெட்டிலோதான். அந்த வயதில் எந்தப் பையன் தன் காலில் நிற்கிறான்? சில நீதிமன்றங்கள் இந்த இடைவெளியை வேறு வழியில் அடைத்திருக்கின்றன. 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், மகன் மேஜரானாலும் அவன் படிப்புச் செலவு முழுவதும் தாயின் தலையில் விழுகிறது என்பதைக் கணக்கில் எடுத்து, அவன் பட்டப்படிப்பை முடிக்கும்வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும்வரை தாய்க்கு மாதம் 15,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது; எடுத்துக்காட்டலாம், அவ்வளவுதான். உங்கள் முன்னாள் மனைவி தனக்கான ஜீவனாம்சத்தை 2018-இல் விட்டுக்கொடுத்திருப்பதால் அந்த வழி அவருக்கு எளிதாகவும் இருக்காது.

ஆனால் ஒரு பெரிய ‘ஆனால்’ இருக்கிறது. 2018 கூட்டு மனுவை நீங்கள் எனக்கு அனுப்பவில்லை. பரஸ்பர சம்மத விவாகரத்தில் இருதரப்பு நிபந்தனைகளையும் பத்தி பத்தியாக எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். ஐந்து லட்சம் என்ற பத்திக்கு அடுத்த பத்தியைப் பாருங்கள். “பிள்ளைகளின் உயர்கல்விச் செலவை முதல் மனுதாரர் ஏற்றுக்கொள்வார்”, “மகளின் திருமணச் செலவில் பாதியைத் தருவார்” என்பது போன்ற வரிகள் அங்கே சர்வ சாதாரணமாக உட்கார்ந்திருக்கும். விவாகரத்து கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில் யாரும் அதைத் திரும்பப் படிப்பதில்லை. அப்படி ஒரு வரி இருந்தால், அது சட்டம் விதித்த கடமை இல்லை. நீங்களே நீதிமன்றத்துக்குக் கொடுத்த வாக்கு. மேஜர், மைனர் என்ற பேச்சே அங்கே எடுபடாது. மகன் படித்து முடிக்கும்வரை அது தொடரும். ஆகவே பதில் நோட்டீஸ் எழுதும் முன், விவாகரத்து வழங்கிய நீதிமன்றத்தில் நகல் மனுப் போட்டு, தீர்ப்பு, டிக்ரி, கூட்டு மனு மூன்றுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். வீட்டில் இருக்கும் ஜெராக்ஸில் நடுப்பக்கம் ஒன்று எப்போதும் காணாமல் போயிருக்கும்.

உங்கள் பக்கத்திலும் சொல்ல வேண்டியவை உண்டு. முன்னாள் மனைவி சம்பாதிக்கிறார். 20-ஆம் பிரிவு தந்தையை மட்டும் குறிப்பிடவில்லை; தாய்க்கும் அதே கடமை. பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பொதுவாகத் தந்தை ஏற்க வேண்டும், தாயும் வேலையில் இருந்து போதிய வருமானம் பெற்றால் இருவரும் விகிதப்படி பகிரலாம் என்று ரஜ்னேஷ் தீர்ப்பும் சொல்கிறது. அதே தீர்ப்புதான், இருதரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அவருடைய சம்பளம் உங்களுக்குத் தெரியாது என்றால், அதை அறிய நீங்கள் துப்பறிய வேண்டியதில்லை. அவரே எழுதித் தர வேண்டும். நீங்களும் மறைக்காமல் எழுத வேண்டும். பட்டறையில் ஓவர்டைம் பணம் ரொக்கமாக வருகிறது என்றால் அதையும் சேர்த்து.

மறுமணமும் ஆறு வயதுக் குழந்தையும் மூத்த பிள்ளைகளின் பங்கை ரத்து செய்யாது. ஆனால் தொகையை நிர்ணயிக்கும்போது உங்களுக்கு எத்தனை பொறுப்புகள் என்பதை நீதிமன்றம் பார்க்கும். அந்தக் குழந்தையின் பள்ளிக் கட்டண ரசீது, வாடகை, பெற்றோரின் மருந்துச் செலவு இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் கோப்பில் வையுங்கள்.

மகளின் தொகை என்றுதான் முடியும்? திருமணம் வரை என்று இருந்தாலும், அது கல்யாணப் பத்திரிகைக்காகக் காத்திருக்க வேண்டும் என்று பொருளில்லை. அவள் நர்சிங் முடித்து வேலையில் சேர்ந்து, தன்னைப் பார்த்துக்கொள்ளும் சம்பளம் வாங்கத் தொடங்கினால், 146-இல் மனுப் போட்டு ரத்து கேட்கலாம். பயிற்சிக் காலத்தில் கிடைக்கும் உதவித்தொகையைக் காட்டி அவள் சம்பாதிக்கிறாள் என்று வாதாடாதீர்கள். பஸ் செலவுக்குக் காணாத தொகையைக் காட்டி வாதாடினால் நீதிபதியின் பொறுமைதான் குறையும். பி.எஸ்சி. நர்சிங் நான்காண்டுப் படிப்பு. அவள் இருப்பது மூன்றாம் ஆண்டில். கணக்குப் பார்த்தால் நீங்கள் இன்னும் சுமக்க வேண்டியது அதிக காலம் இல்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. அயர்லாந்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், தந்தை படிப்புக்காகக் கொடுத்த 43 லட்சம் ரூபாயைத் தனக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க முயன்றாள். தந்தை வாங்க மறுத்தார். பெற்றோரிடம் கல்விச் செலவைப் பெறுவது மகளின் பறிக்க முடியாத உரிமை, அந்தப் பணம் அவளுக்கே உரியது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு இரண்டு வரி. 20-ஆம் பிரிவு இந்துக்களுக்கு உரியது. 125-உம் இப்போதைய 144-உம் எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். முஸ்லிம் தந்தையின் கடமையைப் பற்றி 1997-இல் நூர் சபா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேசியிருக்கிறது: விவாகரத்துக்குப் பிறகும், மகன்களுக்கு மேஜராகும் வரை அல்லது தம்மைப் பராமரித்துக்கொள்ளும் வரை, மகள்களுக்குத் திருமணம் வரை. நோட்டீஸ் அனுப்பும் நிலையில் இருக்கும் பெண்களும் மைனர் பிள்ளைகளும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம். மகனுக்காகக் கேட்க வேண்டியது இருந்தால், அவனுடைய பதினெட்டாவது பிறந்தநாளுக்குப் பல மாதங்கள் முன்பே மனுவைப் போட்டுவிட வேண்டும். பிறந்தநாளைக் கொண்டாடிவிட்டு வருபவர்களுக்கு என்னால் செய்ய முடிவது மிகக் குறைவு.

உங்களிடம் திரும்புகிறேன். நோட்டீஸில் சொன்ன பதினைந்து நாள் சட்டம் விதித்த கெடு இல்லை. அந்த வக்கீல் விதித்தது. ஆனாலும் அதற்குள் பதில் அனுப்புங்கள். பதில் இப்படி இருக்கட்டும்: மகளுக்கு இந்த மாதம் முதல் 4,000 ரூபாய் மீண்டும் தொடங்குகிறது. கடந்த 12 மாதப் பாக்கியை நான்கு தவணையில், முதல் தவணையைக் கடிதத்தோடு சேர்த்து. அதற்கு முந்தைய பாக்கியையும் மகனின் முதலாண்டுக் கட்டணத்தையும் சமரச மையத்தில் பேசித் தீர்க்கத் தயார். பேசும்போது, மகனின் கட்டணத்தில் பாதியை நீங்கள் ஏற்பதாகச் சொல்லிப் பாருங்கள். அதோடு மகளின் பழைய 48,000-ஐ அவளுடைய நான்காம் ஆண்டுக் கட்டணமாக நேரடியாகக் கல்லூரிக்குக் கட்டுவதாகக் கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் அப்போதைக்குத் தேவை அதுதான். ஒப்புக்கொண்டதை மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்து கொள்ளுங்கள். அங்கே பதிவானது சிவில் டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அந்த ஒப்பந்தத்தில் மட்டும் ஒவ்வொரு வரியையும் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள், குறிப்பாக ‘வரை’ என்று வரும் இடங்களை.

மகனின் மீதி மூன்று ஆண்டுக்குக் கல்விக் கடன் பற்றி யோசிக்கலாம். ஏழரை லட்சம் வரை பொதுவாகப் பிணை கேட்கமாட்டார்கள். பெற்றோரில் ஒருவர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டியிருக்கும். நீங்கள் இடுவதாக இருந்தால், அவன் கட்டாவிட்டால் வங்கி உங்களிடம்தான் வரும் என்பதைத் தெரிந்துகொண்டே இடுங்கள்.

கடைசியாக, மகன் நேரில் வந்து கேட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம். சட்டம் கொடுக்கச் சொல்லவில்லை என்பதால் கொடுக்கக் கூடாது என்று ஆகிவிடாது. இன்று கொடுத்ததைக் காட்டி நாளை மாதா மாதம் கொடு என்று உத்தரவு வாங்கிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. மேஜரான மகனுக்கு விரும்பிக் கொடுத்த பணத்தால் மட்டும் அப்படி ஒரு கடமை முளைக்காது. கட்டணம் என்றால் கல்லூரிக் கணக்கிலேயே கட்டுங்கள், ரசீதில் அவன் பெயர் இருக்கட்டும். கைச்செலவுக்கு என்றால் அவனுடைய வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். அவனுக்கு இன்னும் கணக்கு இல்லை என்றால், பதினெட்டு ஆனதும் நீங்களே கூடப் போய் ஒன்று தொடங்கிக் கொடுங்கள்.